வாழைநார் அளந்த தூரம்

அப்பாவின் விமான டிக்கெட்டை நான் முதன்முதலில் கையில் வாங்கிப் பார்த்தது 1984இல், மன்னார்குடிப் பக்கத்து எங்கள் வீட்டுத் திண்ணையில். சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு தாளின் முதுகிலும் சிவப்பு மை. தொட்ட விரலெல்லாம் குங்குமம் அப்பியதுபோல் ஆகிவிடும். சிங்கப்பூரில் 20.30க்குக் கிளம்பி மெட்ராஸில் 22.00க்கு இறங்கியிருக்கிறார். திரும்பிப் போக, 23.15க்கு ஏறினால் மறுநாள் 05.45.

ரஃப் நோட்டில் கழித்துப் பார்த்தேன். வருவதற்கு ஒன்றரை மணி நேரம், போவதற்கு ஆறரை! எங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீர் கிழக்கேதான் ஓடுகிறது. அப்படியானால் கிழக்கே பள்ளம். சிங்கப்பூருக்குப் போவதல்லவா சீக்கிரம் ஆகவேண்டும்? டிக்கெட் தலைகீழாகச் சொன்னது.

தூரத்தையாவது அளப்போம் என்று, அப்பாயி பூக்கட்ட நனைத்து வைத்திருந்த வாழைநாரில் ஒன்றை உருவிக்கொண்டேன். அட்லஸில் மெட்ராஸ் மேல் ஒரு நுனி. நிக்கோபாரை உரசி, சுமத்ராக் கரையோரமாக இறங்கி, சிங்கப்பூர்ப் புள்ளியில் மறுநுனி. ஈரநார் சுருண்டு சுருண்டு பாடாய்ப் படுத்தியது. பதினொன்றரை சென்டிமீட்டர். சென்டிமீட்டருக்கு 250 கிலோமீட்டர் என்று ஓரத்தில் போட்டிருந்தது, ஆக 2,875. உண்மையான வான்வழித் தூரம் சுமார் 2,900 என்று பின்னாளில் தெரிந்தபோது அந்த நாருக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றியது.

நேரக் கணக்கைத் தீர்த்துவைத்தவர் பூகோள வாத்தியார். “டிக்கெட்ல அந்தந்த ஊரு கடிகாரம்தாண்டா இருக்கும்” என்றார். ஒரு பாகைக்கு நாலு நிமிஷம். நாம் 82½ பாகைக் கோட்டின் நேரத்தை வைத்திருக்கிறோம். சிங்கப்பூர் இருப்பது 104 பாகைக்குப் பக்கத்தில், வைத்துக்கொண்டிருப்பதோ 120 பாகையின் நேரம். 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி வித்தியாசம். ஒன்றரையோடு அதைக் கூட்டினாலும் நாலு, ஆறரையில் கழித்தாலும் நாலு. அங்கே ஏழு மணிக்குத்தான் விடியும் என்று அப்பா சொன்னதைப் புளுகு என்று நினைத்திருந்தேன், அதுவும் நிஜம்தான்.

அப்பாயியிடம் ஓடினேன். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, ஒரு வாரம் வாந்தியெடுத்துக்கொண்டே போன தூரம்தான் அதற்குத் தெரிந்த சிங்கப்பூர்.

“நாலே மணி நேரம் அப்பாயி! மெட்ராஸுக்கு பஸ்ஸே எட்டு மணி நேரம் போவுது.”

அப்பாயி நாரைப் பல்லில் கடித்து முடிச்சை இறுக்கிக்கொண்டே கேட்டது: “மெட்ராஸவிடக் கிட்டக்கங்குற. அப்பறம் ஏண்டா தம்பி, ஒங்கப்பன் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வர்றான்?”

அப்பா அடுத்து வந்தது 1986 வைகாசியில்.