மாமா, இன்னொரு முறை பார்க்கட்டுமா?

தைப்பூசம் முடிந்த மறுவாரம். இரவு பத்தரை மணியிருக்கும். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பார்த்தால் என் அக்காள் மகன். வைகாசியில் கலியாணம் வைத்திருக்கும் பையன், அந்த நேரத்தில் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கோலசிலாங்கூர் வரை வந்திருக்கிறானே என்று எனக்குத் திக்கென்றது. (பெயரை 2007-இல் மாற்றிவிட்டார்கள். எங்களைப் போன்ற கிழடுகளுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.)

என் மனைவி காப்பி கலந்து கொடுத்தாள். அவன் டம்ளரைத் தொடவில்லை. பையிலிருந்து தன் தண்ணீர் போத்தலை எடுத்து ஒரு மிடறு குடித்தான். அவள் உள்ளே போனதும், "மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அம்மாவுக்குத் தெரியக் கூடாது" என்றான்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் டிரெசராக இருந்தவன் நான். "யாருக்கும் தெரியக் கூடாது" என்று தொடங்கிய கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். சொந்தப் பிள்ளை வாயிலிருந்து கேட்டது அன்றுதான்.

வருஷக் கடைசியில் கூட்டாளிகளோடு ஹாட்யாய் போயிருக்கிறான். அங்கே ஒரு பெண்ணிடம் போயிருக்கிறான். ஆணுறை அணிந்திருந்தான். கிழியவில்லை, நழுவவில்லை. நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் இதையும் சொன்னான். ஊர் திரும்பிய நான்காம் நாளே ஒரு கிளினிக்கில் இரத்தம் கொடுத்தான். எச்.ஐ.வி. இல்லை என்றார்கள். மறுவாரம் வேறொரு கிளினிக். அங்கும் இல்லை. பிறகு மூன்றாவது கிளினிக்.

மனம் ஆறவில்லை. தொண்டை கரகரத்தால் அதுதான் என்கிறான். நாக்கில் வெள்ளை படிந்தால் அதுதான். குளியலறைக் கண்ணாடி முன் டார்ச் லைட் அடித்துப் பார்க்கிறான். இராத்திரியெல்லாம் கைத்தொலைபேசியில் நோய்க்குறிகளைப் படிக்கிறான். சோறு இறங்காமல் உடம்பு இளைத்ததும், அதற்கும் அதையே காரணம் காட்டுகிறான். வீட்டில் தன் தட்டையும் டம்ளரையும் தனியாகக் கழுவி வைக்கிறானாம். அக்காளோ, "கலியாணம் வருதுல்ல, பொறுப்பு வந்திருச்சு" என்று அக்கம் பக்கத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அந்தத் தனி டம்ளர் என்னை வேறொரு வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஊசி போட்டுப் பழகிய ஒரு பையன், நோயோடு லயத்துக்குத் திரும்பி வந்தான். நம் நாட்டில் முதல் எயிட்ஸ் நோயாளியை 1986-இல் கண்டார்கள். அதே ஆண்டில்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். தொட்டால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது என்று எனக்குப் படித்துக் கொடுத்திருந்தார்கள். தெரிந்திருந்தும் என்ன செய்தேன்? மருந்தை வாசற்படியில் வைத்துவிட்டு, "எடுத்துக்கம்மா" என்று அவன் தாயிடம் சொல்லிவிட்டு நடந்தேன். அவன் இறந்ததும் பாயை எரித்தார்கள், டம்ளரைப் புதைத்தார்கள். பிள்ளையைக் குளிப்பாட்ட அந்த அம்மாளுக்கு ஒரு கை துணையில்லை. டிரெசர் ஐயாவே உள்ளே போகவில்லை என்றால் மற்றவர்கள் எப்படிப் போவார்கள்?

இதை மருமகனிடம் சொன்னேன். ஆறிப்போன காப்பியை அவன் பக்கம் தள்ளினேன். குடிக்கவில்லை.

மறுநாள் அவனை அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போனேன். பெயர் கொடுக்காமலே இச்சோதனையைச் செய்துகொள்ள அங்கே வசதி உண்டு. வாசகர்களில் பலருக்கு இது தெரியாது. மலாய்க்கார டாக்டரம்மா, சின்ன வயது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நான்காம் நாள் செய்த சோதனை காசுக்குக் கேடு என்றார். கிருமி புகுந்திருந்தாலும் இரத்தத்தில் தெரியச் சில வாரங்களாகும். ஆய்வுக்கூடத்தில் இப்போது செய்யும் சோதனையின் முடிவை ஆறு வாரம் கடந்தால் நம்பலாம். விரலில் குத்திப் பார்க்கும் உடனடிச் சோதனை என்றால் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். உண்மையிலேயே ஆபத்தான தொடர்பு என்றால் 72 மணி நேரத்துக்குள் வந்து, 28 நாள் தடுப்பு மருந்து சாப்பிடலாம். கிழியாத ஆணுறைக்கு அது பொதுவாகத் தேவைப்படாது. எங்கள் காலத்தில் இதில் ஒன்றுமே கிடையாது.

"அப்படியே இருந்தாலும்?" என்று அவன் கேட்டான். தினமும் மாத்திரை சாப்பிட்டுக் கிருமியைச் சோதனையில் தென்படாத அளவுக்கு அடக்கிவிட்டால், மனைவிக்கு உடலுறவில் பரவாது, பிள்ளையும் பெற்றுக்கொள்ளலாம் என்றார். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்ததற்காக மலேசியாவுக்கு 2018-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்ததையும் சொன்னார். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு நோய் பயமா, அம்மா பயமா?" என்று கேட்டார். அவன் விசும்பி விசும்பி அழுதான். அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை அழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது சுலபமில்லை.

ஆறு வாரம் கடந்து எடுத்த சோதனையில் ஒன்றுமில்லை. முழு நிம்மதிக்காக மூன்று மாதம் கழித்து ஒருமுறை, அதோடு போதும் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொன்னார். பார்க்கப் பார்க்க பயம்தான் வளருமாம்.

பெண்ணிடம் சொல்வதா வேண்டாமா என்று என்னைக் கேட்டான். அது உன் மனசாட்சியின் பாடு என்றேன். ஒன்றை மட்டும் வற்புறுத்தினேன். முஸ்லிம் மணமக்களுக்குக் கலியாணத்துக்கு முன் இச்சோதனை கட்டாயம். நமக்குக் கட்டாயமில்லை. ஜாதகத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதி போதும், இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பாருங்கள் என்றேன். பங்குனி மாதம் சேர்ந்தே போனார்கள். அவளிடம் எதைச் சொன்னான், எதை விட்டான் என்று நான் கேட்கவில்லை.

முடிவு வந்த அன்று சாயங்காலம் போன் செய்தான். இருவருக்கும் ஒன்றுமில்லையாம். சற்று நேரம் பேச்சில்லை.

"மாமா, எதுக்கும் இன்னொரு முறை பார்க்கட்டுமா?"

"வேணாம்டா. வீட்டுக்கு வா."

வந்தான். என் மனைவி கொடுத்த டம்ளரில் காப்பியைக் குடித்தான். பாதியில் நிறுத்தி, "அத்தை, சீனி ஜாஸ்தி" என்று குறை சொன்னான்.