கொசு பாடிய அன்னக்கிளி

"ரெக்கார்டெல்லாம் செத்துப் போச்சுடா. பழைய பேப்பர்காரன் வந்தா போட்டுடு."

அப்பா இதைச் சொல்லிட்டு எழுந்து உள்ளே போயிட்டார். எனக்குப் பகீர்னு ஆச்சு. அறுபது எழுபது ரெக்கார்டு. 1989ல் பிளேயரின் மோட்டார் போனதும் பரண் மேல் டிரங்குப் பெட்டிக்குள் போனவை. இத்தனை வருஷம் கழிச்சு, எண்பது வயசுக்காரருக்குப் போட்டுக் காட்டலாம்னு ஆசை ஆசையா ஒரு டர்ன்டேபிள் வாங்கி, வீட்டில் கிடந்த பழைய ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் ஓட்டையில் வயரைச் சொருகி, 1976ல் அவர் வாங்கின 'அன்னக்கிளி'யைத்தான் முதலில் போட்டேன்.

வந்தது என்ன தெரியுமா? கொசு. வால்யூமை முழுசாத் திருகினாலும், எங்கேயோ தூரத்தில் தகர டப்பாவுக்குள் யாரோ பாடுற மாதிரி ஒரு கீச்சு. தபேலாவைக் காணோம். கீறல் சத்தம் மட்டும் பொரிகடலை மாதிரி படபடன்னு. அப்பா சொன்னதில் தப்பே இல்லை, அதைக் கேட்டால் யாருமே ரெக்கார்டு செத்துப்போச்சுன்னுதான் சொல்வாங்க.

ராத்திரி மண்டை காய்ந்து தேடினதில்தான் புரிஞ்சது: செத்தது ரெக்கார்டு இல்லை, நடுவில் இருக்க வேண்டிய ஒரு சின்ன டப்பா இல்லை. ஃபோனோ ப்ரீஆம்ப்.

விஷயம் இதுதான். பாஸ் சத்தத்தை அப்படியே வெட்டினால் ரெக்கார்டில் பள்ளம் ரொம்ப அகலமா அலையும். ஒரு பக்கத்தில் நாலு பாட்டு கொள்ளாது. அதனால் வெட்டும்போதே பாஸைக் குறைச்சு, கீச்சுப் பக்கத்தைக் கூட்டி வெட்டிடறாங்க. எவ்வளவு குறைக்கணும், கூட்டணும்னு 1954ல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கு ஒண்ணு இருக்கு. 20 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 20 டெசிபல் குறைவு, 20,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட அதே அளவு கூடுதல். கேட்கும்போது இதைத் தலைகீழாத் திருப்பணும். அப்படித் திருப்பும்போது கூட்டி வெச்ச கீச்சோடு சேர்ந்து, கீறல் சத்தமும் இரைச்சலும் அடங்கிடும். நான் திருப்பவே இல்லை. அதனால்தான் தபேலா காணாமப் போய், பொரிகடலை மட்டும் மிச்சம்!

இன்னொண்ணு சத்தத்தின் அளவு. என் டர்ன்டேபிளில் இருப்பது மூவிங் மேக்னட் வகை கார்ட்ரிட்ஜ், ஆடியோ டெக்னிகா வி.எம்.95.இ. அதிலிருந்து வருவது வெறும் 4 மில்லிவோல்ட். ஆக்ஸ் எதிர்பார்ப்பதோ சில நூறு மில்லிவோல்ட். நூறு மடங்கு, அதாவது 40 டெசிபல், பெருக்கினால்தான் கதை நடக்கும்.

காலையில் அப்பாவிடம் விளக்கினேன். "எங்க காலத்துல இந்த டப்பா எல்லாம் கிடையாதே?" என்றார். நியாயமான கேள்விதான். அந்தக் காலத்து வீட்டுப் பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ். அதுவே சில நூறு மில்லிவோல்ட் துப்பும், இந்தத் தலைகீழ் வேலையையும் ஏறக்குறைய தானாகவே பண்ணிடும். ஆனால் ஊசி ரெக்கார்டை அழுத்துற எடை ஜாஸ்தி. இன்னிக்கு என் ஊசி 2 கிராமில் பூ மாதிரி உட்காருது. "அப்போ பேப்பர்காரனுக்கு இல்லையா?" "பத்து நாள் பொறுங்கப்பா."

பத்து நாள்னு வாய் விட்டாச்சா? அப்புறம்தான் கடலில் இறங்கினேன். நண்பன் ஒருத்தன், "மச்சி, வால்வு வெச்ச ப்ரீஆம்ப் எடு, நாற்பதாயிரம், ஆனா சத்தம் தேன்" என்றான். கார்ட்ரிட்ஜும் டர்ன்டேபிளும் சேர்ந்தே அதுக்கு வராது! வேண்டாம்னுட்டு எதிர்த் திசைக்கு ஓடி, இருக்கிறதிலேயே மலிவான டப்பாவை வாங்கினேன் (பேர் வேண்டாம், விடுங்க). தபேலா வந்தது. கூடவே "ஙொய்ய்ய்"னு ஒரு சத்தமும். டர்ன்டேபிளிலிருந்து ரெண்டு ஆடியோ வயரோடு மூணாவதா ஒரு மெல்லிசு வயர் வரும், பாத்திருப்பீங்க. அது எர்த் வயர். அந்த டப்பாவில் அதை முடுக்க ஸ்குரூவே இல்லை. திருப்பி அனுப்பினேன். வாங்கும்போது பின்பக்கப் படத்தைப் பாருங்க மக்களே. அந்த ஸ்குரூ இல்லைன்னா அடுத்த டப்பாவுக்குப் போயிடுங்க. வெளிநாட்டுச் சரக்குன்னா அடாப்டர் 230 வோல்ட்டுக்குத் தாங்குமான்னும் பாருங்க. 120 வோல்ட் அடாப்டரை நம்ம ஊர் பிளக்கில் சொருகினால் ஊதுவத்தி மாதிரி புகைதான்.

கடைசியில் எடுத்தது ஏ.ஆர்.டி. டிஜே ப்ரீ 2. பார்க்க ஒரு அழகும் கிடையாது. ஆனால் எனக்கு வேண்டிய மூணும் அதில் இருந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். அடிமட்ட அதிர்வை வெட்ட ஒரு சுவிட்ச் - பரண் வெயிலில் முப்பத்தஞ்சு வருஷம் படுத்துக் கிடந்த ரெக்கார்டுகள் அப்பளம் மாதிரி வளைஞ்சிருக்கு, ஒவ்வொரு சுத்துக்கும் ஸ்பீக்கர் கூம்பு முன்னும் பின்னும் மூச்சு வாங்கும். இந்த சுவிட்சைப் போட்டதும் நின்னுது. மூணாவது, கெபாசிடன்ஸ் மாத்துற சுவிட்ச், 100 அல்லது 200 பைக்கோஃபேரட்.

இந்த மூணாவதில்தான் நான் ஒரு வாரம் தொலைஞ்சேன். என் கார்ட்ரிட்ஜ் கேட்பது 47 கிலோ ஓம், அதோடு மொத்தம் 100லிருந்து 200 பைக்கோஃபேரட். வயரே 100 பக்கம் சாப்பிட்டுடும். அதனால் சுவிட்ச் 100ல். 200ல் வெச்சால் மேல் ஸ்தாயி கொஞ்சம் எகிறிக் குத்தும். இதை மாத்தி மாத்திப் போட்டு, கண்ணை மூடிக் கேட்டு, வீட்டம்மா "என்ன தவமா?"ன்னு கேட்கிற அளவுக்குப் போச்சு. அப்புறம்தான் உறைச்சது. கேட்கப் போறவருக்கு வயசு எண்பது. குக்கர் விசில் எத்தனைன்னு என்னைக் கேட்டு எண்ணுறவர். பத்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் நான் பண்ணுற கைங்கரியம் எதுவும் அவர் காதுக்குப் போகாது.

எம்.சி. கார்ட்ரிட்ஜுக்கான 60 டெசிபல் வசதி உள்ளதுக்கும் நான் காசு கொடுக்கலை. அது மில்லிவோல்ட்டில் பாதிகூடத் தேறாத கார்ட்ரிட்ஜுகளுக்கு. எனக்கெதுக்கு? அதைவிட உபயோகமானது, என் பழைய ஆம்ப்ளிஃபயரில் எதுக்குன்னே தெரியாமல் இருபது வருஷமா தூசி படிஞ்சு கிடந்த மோனோ பட்டன். அப்பாவின் ரெக்கார்டுகளில் பாதிக்கு மேல் மோனோ. ஸ்டீரியோ ஊசி பள்ளத்தில் மேலும் கீழும் குதிக்கிறதையும் சேர்த்துப் படிக்கும். பட்டனை அமுக்கினால் அந்தக் குதிப்பு ரெண்டு பக்கமும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு மறைஞ்சிடும். இரைச்சல் சட்டுனு இறங்கிச்சு. செலவு பூஜ்யம்.

(தாத்தாவின் 78 ஆர்.பி.எம். தட்டுகள் நாலு இருக்கு. அதுக்கு ஊசியே பெரிசா வேணும், ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கும் பொருந்தாது. அது வேற கதை.)

பதினோராம் நாள் சாயங்காலம் மறுபடி 'அன்னக்கிளி'. அப்பா பேப்பரை மடிக்காமலேயே உட்கார்ந்திருந்தார், முன்ன மாதிரி எழுந்து போகச் சௌகரியமா. பாட்டு ஆரம்பிச்சது. பேப்பர் கொஞ்சம் இறங்குச்சு. ஒரு வார்த்தை பேசலை. பாதிப் பாட்டில் திடீர்னு விரலைத் தூக்கினார்.

"இப்ப ஒரு டிக் வரும் பாரு."

டிக்.

"இது நீ பண்ணது. எழுபத்தெட்டுல. ஓடிட்டிருக்கும்போது வந்து மோதினே, முட்டியில ரத்தம். அம்மா உன்னைத் தூக்கினா, நான் ரெக்கார்டைத் தூக்கினேன். அதுக்கு ரெண்டு நாள் என்கிட்ட பேசலை அவ."

அம்மா போய் ஆறு வருஷமாச்சு. நான் எதுவும் சொல்லலை. பாட்டு முடிஞ்சு ஊசி உள்வட்டத்தில் சரக் சரக்குன்னு சுத்திக்கிட்டிருந்தது.

"திருப்பிப் போடு," என்றார். "அந்த டிக் வர்ற பாட்டையே."