பிள்ளைகளோடு கோலாலம்பூரில் ஏழு நாட்கள்

சின்னப் பிள்ளைகளோடு போனால் ஊர் பார்க்க முடியாது என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதியை 2024ஆம் ஆண்டு மலேசியாவுக்குப் போனபோதுதான் அறிந்துகொண்டேன். அந்த அனுபவத்தைச் சகோதரிகளாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நான் யாழ்ப்பாணத்தில் சமூகப் பணியாளராக வேலை செய்பவள். வெளிநாட்டுச் சுற்றுலா போகுமளவுக்கு வசதி இல்லை. அம்மாவுக்கு 65 வயது நிறைந்ததையொட்டிக் கனடாவில் இருக்கும் அண்ணன் பயணச்சீட்டு வாங்கித் தந்தார். கோலாலம்பூரில் சின்னம்மா குடும்பத்தோடு இருப்பதால் தங்குமிடச் செலவும் இல்லை. கணவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. ஆறு வயது மகள், மூன்று வயது மகன், அம்மா, நான் என நால்வர் புறப்பட்டோம்.

புறப்படுவதற்கு முதல்நாள் அம்மா தனது பழைய பையை எடுத்து வைத்தார். அதற்குள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்களும் காணி உறுதியும் வங்கிப் புத்தகங்களும் இருந்தன.

“அம்மா, ஒரு கிழமையில திரும்பி வந்திடுவம். காணி உறுதி எதுக்கு?” என்று கேட்டேன்.

“இருக்கட்டும் பிள்ளை. வீட்டைவிட்டு வெளிக்கிட்டால் இது கையில இருக்கவேணும்.”

அத்தோடு விடவில்லை. பிள்ளைகளின் பெயரையும் சின்னம்மாவின் தொலைபேசி இலக்கத்தையும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி, இரண்டு துண்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு நாள் காலையிலும் அவற்றைப் பிள்ளைகளின் சட்டைப்பைக்குள் வைத்துச் சேப்டிப்பின் குத்திவிடுவார். நான் சிரித்தேன். “நாங்கள் இடம்பெயர்ந்து போகேல்லை அம்மா, சுற்றிப் பார்க்கப் போறம்” என்று சொன்னேன்.

கட்டுநாயக்காவிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் ஏறக்குறைய மூன்றரை மணித்தியாலம். விமானம் மேலே எழும்பும்போது மகன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். பக்கத்தில் இருந்த பெண்மணி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். விழுங்க விழுங்கக் காதடைப்பு விட்டது. அங்கே நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னே ஓடுகிறது. முதல் இரண்டு இரவும் பிள்ளைகள் நித்திரை கொள்ளவில்லை. காலையில் எழும்பவும் இல்லை. நான் எழுதி வைத்திருந்த நேர அட்டவணை அங்கேயே குலைந்துவிட்டது.

மூன்றாம் நாள் இரட்டைக் கோபுரத்துக்குப் போனோம். 88 மாடிகள், 452 மீற்றர் உயரம். 41ஆம், 42ஆம் மாடிகளில் இரு கோபுரங்களையும் இணைக்கும் பாலத்தில் நின்று நகரைப் பார்க்கலாம் என்று மகளுக்கு ஊரிலிருந்தே ஆசை காட்டியிருந்தேன். போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, திங்கட்கிழமையில் பார்வையாளரை அனுமதிப்பதில்லை என்று. விசாரிக்காமல் வந்தது என் பிழை. மகள் அழுதாள். ஆனால் கோபுரத்தின் அடியில் 50 ஏக்கரில் ஒரு பூங்கா இருக்கிறது. அதற்குள் பிள்ளைகளுக்கான பெரிய விளையாட்டிடமும் உண்டு. கட்டணம் இல்லை. இருவரும் மூன்று மணித்தியாலம் விளையாடினார்கள். கோபுரத்தை அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வீடு திரும்பியதும் இரண்டாவது வேலை தொடங்குகின்றது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷீல்ட் 1989இல் ஒரு நூல் எழுதினார். சுற்றுலாவிலும் அந்த இரண்டாவது வேலை எங்களோடு விமானம் ஏறி வருகின்றது. சோறு ஊட்டுதல், கழிவறை தேடுதல், ஈர உடுப்பு மாற்றுதல் எதுவும் குறையவில்லை. அந்த விளையாட்டிடத்தின் ஓரத்தில் மரநிழலில் அம்மாவோடு சும்மா இருந்த மூன்று மணித்தியாலம்தான் எனக்குக் கிடைத்த உண்மையான ஓய்வு.

அடுத்த நாள் பழைய புகையிரத நிலையத்தைப் பார்த்தோம். 1910இல் கட்டிய, மாளிகை போன்ற வெள்ளைக் கட்டடம். அம்மாவின் பாட்டனார் மலாயாப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். ஊரில் ‘மலாயா பென்சனியர்’ வீடு என்றால்தான் எங்கள் வீடு தெரியும். 1885இல் திறந்த மலாயாவின் முதல் பாதையை அமைப்பதற்கு இலங்கையிலிருந்து தொழிலாளரைக் கொண்டுபோனார்கள். அதன் பின் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தவர் பலர் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் போனார்கள். அம்மா அந்தத் தூண் ஒன்றைத் தொட்டுக்கொண்டு கனநேரம் நின்றார்.

ஐந்தாம் நாள் பத்துமலை. நகரிலிருந்து ரயிலில் போகலாம். பெண்களுக்கென்று தனிப்பெட்டியும் இருக்கிறது. 2010இல் தொடங்கிய ஏற்பாடு. 2006இல் திறந்துவைத்த 42.7 மீற்றர் உயர முருகன் சிலையைக் கண்டதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். குகைக்கு 272 படிகள். முழங்கால் வருத்தத்தால் அம்மா கீழே இருந்துகொண்டார். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகளை முன்னே விட்டு ஏறினேன்.

பாதி தூரத்தில் ஒரு குரங்கு மகனின் கையிலிருந்த பிஸ்கட் பைக்கற்றைப் பறித்தது. அவன் வீரிட்டான். கையில் கீறல் பட்டிருக்கிறதா என்று பார்த்து, அவனைத் தேற்றி நிமிர்ந்தால் மகளைக் காணவில்லை.

மேலே ஓடினேன். கீழே பார்த்தேன். எங்கும் சனம். பெயரைச் சொல்லிக் கத்தினேன். எங்கள் ஊரில் என்றால் நாலு பேர் ஓடி வருவார்கள். அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு ஏறிப் போனார்கள். கால்கள் நடுங்கின.

அப்போது கைத்தொலைபேசி அடித்தது. சின்னம்மா. “பிள்ளை கீழ பூக்கடையில நிக்கிறாளாம். பயப்படாமல் போ” என்றார்.

குரங்குக்குப் பயந்து, அம்மம்மாவிடம் போகலாமென்று இறங்கிய மகள், சனத்துக்குள் வழி மாறிவிட்டாள். அழுதுகொண்டு நின்றவளைக் கண்ட பூக்காரப் பெண், சட்டைப்பையில் குத்தியிருந்த துண்டைப் பார்த்துச் சின்னம்மாவுக்கு அழைத்திருக்கிறார். “பயப்படாதீங்க அக்கா, பிள்ளை தண்ணி குடிச்சிட்டா” என்று என் கையில் ஒப்படைத்தார். முதலில் மகளுக்கு அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு கட்டிப்பிடித்து அழுதேன். அவளோ, “நான் துலையேல்லை அம்மா, அம்மம்மாவின்ர துண்டு இருந்தது” என்றாள்.

ஏறக்குறைய பத்து நிமிடம்தான். பிள்ளையைத் தேடி ஆண்டுக்கணக்காக அலையும் தாய்மாரோடு நான் வேலை செய்கிறேன். அவர்களின் விபரங்களைப் படிவங்களில் எத்தனையோ தடவை நிரப்பியிருக்கிறேன். என் பத்து நிமிடத்தை அவர்களின் துயரத்தோடு ஒப்பிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் இப்போது படிவத்தை எடுக்கும் முன், அந்தத் தாய் பேசி முடிக்கும் வரை காத்திருக்கிறேன்.

அன்றிரவு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது எனக்கு ஐந்து வயது. மழைக்குள் நாவற்குழிப் பக்கமாகச் சனம் அடி அடியாக நகர்ந்தது எனக்குக் கனவுபோல நினைவிருக்கிறது. “உன்ர சட்டையிலையும் துண்டு குத்தித்தான் கொண்டுபோனனான்” என்றார் அம்மா. அது எனக்குத் தெரியாது.

ஆகவே சகோதரிகளே, கடல் கடந்து போனாலென்ன, நல்லூர்த் திருவிழாவுக்குப் போனாலென்ன, சிலவற்றை மறக்க வேண்டாம். பிள்ளையின் சட்டைக்குள் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய துண்டு இருக்கட்டும். தவறினால் எங்கே நிற்பது என்று போனவுடனேயே இடத்தைக் காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரியுங்கள். குரங்குகள் உள்ள இடத்தில் தின்பண்டத்தைக் கையில் கொடுக்காதீர்கள். மூத்தோரின் பழைய பயத்தைக் கண்டு சிரிக்காதீர்கள்; அதற்குள் அனுபவமும் இருக்கிறது.

வீடு வந்து சேர்ந்ததும் அம்மா பையைத் திறந்து காணி உறுதியைப் பழையபடி அலுமாரிக்குள் வைத்தார். “எல்லாரும் போய் எல்லாரும் திரும்பி வந்திட்டம்” என்றார். மகள், “அடுத்த முறை எங்க போறம்?” என்று கேட்டாள்.