காந்தம் வழுக்கிய இடம்

பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துத் துணியில் சுற்றினார். பெயிண்டில் கீறல் விழக்கூடாது என்பதற்காக அந்தத் துணி. கதவின் மேல்பாதியில் வைத்ததும் கப்பென்று ஒட்டியது. மெல்லக் கீழே இழுத்துவந்தார். கைப்பிடி தாண்டி ஒரு சாண் இறங்கியதும் பிடிப்பு விட்டு, காந்தம் அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"இங்க தகரம் இல்ல சார். பட்டி." பள்ளத்தை நிரப்பப் பூசும் பசைக்குத்தான் அந்தப் பெயர்.

சென்னை புதுப்பேட்டையில் பாயின் டிங்கரிங் பட்டறை. நண்பர் வாங்க நினைத்த இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் காட்டத்தான் போயிருந்தோம். டிரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் இந்தப் பெயரில் கொண்டுவந்தது. விற்பவர் அனுப்பிய குறிப்பில் 'ஃபுல்லா ரெஸ்டோர் பண்ணது, ஒரிஜினல் கண்டிஷன்' என்று இருந்தது. வாசித்துக் காட்டியதும் பாய் சிரித்தார். "ரெண்டும் எப்படி சார் ஒண்ணா இருக்கும்?"

குழப்பத்தின் வேர் இந்த 'ஒரிஜினல்'தான். பழைய கார் சேகரிப்பவருக்கு அது கம்பெனியிலிருந்து வந்தபடியே கைபடாமல் இருப்பது. பெயிண்ட் வெளிறியிருந்தாலும் சரி. ரெஸ்டோரேஷன் என்பது கெட்டதைச் சரிசெய்து அந்தப் பழைய நிலைக்குத் திருப்புவது. அதைச் செய்தாகிவிட்டது என்றால் 'ஒரிஜினல்' பொருந்தாது. புதுப்பேட்டையிலோ 'ஒரிஜினல்' என்றால் கம்பெனி சாமான், டூப்ளிகேட் அல்ல என்று பொருள். நேற்று மாட்டிய கண்ணாடியும் இங்கே ஒரிஜினல்தான்.

'நம்பர் மேட்சிங்' என்பதும் இப்படித்தான். வெளிநாட்டு ஏலங்களில் அதற்கு, வண்டி பிறந்தபோது இருந்த அதே எஞ்சின் என்று பொருள். நம் ஊரில் ஆர்.சி. புத்தகத்து நம்பரும் எஞ்சின் நம்பரும் ஒத்துப்போனாலே அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். எஞ்சினை மாற்றி ஆர்.டி.ஓ.வில் முறைப்படி பதிந்திருந்தாலும் அவை ஒத்துத்தான் போகும்.

'விண்டேஜ்' கதையும் அதேதான். பிரிட்டிஷ் கார் பிரியர்களுக்கு அது 1919 முதல் 1930 வரையான வண்டி. இந்தியாவில் 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டி. நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். ஹெரால்டு இங்கே விண்டேஜ், அங்கே இல்லை.

"பாடியைக் கழட்டிச் செஞ்ச வேலைன்னு சொல்றாங்களே பாய்?" என்றார் நண்பர்.

"ஹெரால்டுல சொல்லலாம். கீழ சேஸிஸ் தனி, மேல பாடி தனி, போல்ட் போட்டுத்தான் உட்காந்திருக்கு. அம்பாசிடர்ல அதைச் சொன்னா நம்பாதீங்க. அதுல பாடியே சேஸிஸ்."

பாயின் சொற்களும் பழசுதான். அவர் ஸ்டெப்னி என்கிறபோது, 1900-களின் தொடக்கத்தில் வேல்ஸ் நாட்டின் ஸ்டெப்னி தெருவில் பிறந்த மாற்றுச் சக்கரத்தின் பெயரைச் சொல்கிறார். டிக்கி என்பது பழைய கார்களின் பின்னால் திறந்து உட்காரும் வெளி இருக்கைக்கு இருந்த பெயர். இங்கிலாந்தில் டிங்கர் என்றால் ஊர் ஊராகப் போய்ப் பாத்திரத்து ஓட்டை அடைப்பவர். அங்கே காரின் தகர வேலைக்கு வேறு பெயர். இந்தச் சொற்களைக் கைவிடாமல் வைத்திருப்பது பட்டறைதான்.

பட்டி வைப்பதே தப்பா என்று கேட்டேன்.

"நகக்கனம் வச்சா அது வேலை. விரல்கனம் வச்சா ஏமாத்து." துருவை வெட்டியெடுத்து, அளவுக்குத் தகரம் வெட்டி, கேஸ் வெல்டிங் வைத்து, உள்ளே இரும்புக் கட்டையை அண்டக்கொடுத்து வெளியே தட்டித் தட்டிச் சமனாக்க வேண்டும். அப்புறம் மீதியிருக்கும் மேடுபள்ளத்துக்கு மட்டும் பட்டி; உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பு. அந்தக் கதவில் துருவை அப்படியே விட்டு, மேலே பூசி மூடியிருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் உள்ளிருந்து குமிழ் விடும்.

பட்டறை மூலையில் வேறொருவரின் ஃபியட் கதவு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பெயிண்ட் இல்லை, பிரைமர் இல்லை. வெல்டிங் வைத்த கோடு நீலமும் கறுப்புமாகத் தெரிந்தது. வேலை முடிந்து பத்து நாள் ஆகிறதாம்.

"ஏன் பாய் பெயிண்ட் அடிக்காம வச்சிருக்கீங்க?"

"ஓனர் வெளியூர் போயிருக்காரு. வந்து பாக்கட்டும். அடிச்சிட்டா என் வேலையும் தெரியாது, நான் திருடினாலும் தெரியாது."

காந்தத்தை வாங்கி அந்தக் கோட்டின்மேல் வைத்தேன். இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.