கோப்பையோடு முடியாத கணக்கு

இண்டியானாபொலிஸ்



இங்கே கூடைப்பந்தைப் பேசாமல் ஒரு காபி குடித்து எழுந்திருக்க முடியாது. சில வருஷமாகப் பேச்செல்லாம் இரண்டு பெண்களைப் பற்றி. ஒருவர் அயோவா பல்கலைக்கழகத்துக்கு ஆடிய கெய்ட்லின் கிளார்க். மற்றவர் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய பெய்ஜ் பெக்கர்ஸ். 2020இல் ஒரே நேரத்தில் கல்லூரி அணிக்கு வந்த பாயின்ட் கார்டுகள். பந்தை எடுத்துப்போய், யார் எங்கே ஓடுவது, யாருக்குப் பந்து போவது என்று ஆட்டத்தையே நடத்துவது அவர்கள் வேலை. கிளார்க் இப்போது இந்த ஊரின் இண்டியானா ஃபீவர் அணியில் இருப்பதால் அவர் பக்கம் கூட்டம் அதிகம்.

அவருடைய ரசிகர்கள் எடுத்தவுடன் சொல்வது 3,951. கல்லூரி நாட்களில் அவர் எடுத்த புள்ளிகள் அவ்வளவு. முதல் பிரிவுக் கல்லூரி ஆட்டத்தில் ஆணோ பெண்ணோ அவருக்கு முன் யாரும் எட்டாத எண். எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் மடக்கிவிடும்: கோப்பை எங்கே? கல்லூரி சாம்பியன்ஷிப்பின் 2023, 2024 இரண்டு இறுதி ஆட்டங்களிலும் அயோவா தோற்றது. பெக்கர்ஸின் அணியோ 2025 ஏப்ரலில் இறுதி ஆட்டத்தில் தென் கரோலினாவை 82-59 என்று வீழ்த்தியது. அவர் கோப்பையோடு கல்லூரியை விட்டார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது என்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

2024 ஏப்ரல் 5, அரையிறுதி. 3.9 வினாடி மிச்சம். அயோவா 70, கனெக்டிகட் 69. பந்து கனெக்டிகட்டிடம். பெக்கர்ஸ் பந்தை வாங்க ஓடிவருகிறார். அவரைத் துரத்துகிறவரை மறிக்க ஆலியா எட்வர்ட்ஸ் வழியில் நிற்கிறார். நின்றாரா, நகர்ந்தாரா? நகர்ந்தார் என்று நடுவர் விசில் ஊதினார். பந்து கைமாறியது, ஆட்டம் 71-69 என்று முடிந்தது. அந்த விசிலைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. விசில் வராமல் ஒரு பந்து கூடையில் விழுந்திருந்தால், அந்த வருஷம் கிளார்க் இறுதி ஆட்டத்துக்கே போயிருக்க மாட்டார். இருவர் திறமையிலும் எள்ளளவு மாற்றம் இருந்திருக்காது. ரசிகர்களின் தீர்ப்பு மட்டும் புரண்டிருக்கும். அந்த ஒரு விசிலால்தான் தோற்றோம் என்று சொல்ல பெக்கர்ஸே மறுத்துவிட்டார்.

கிளார்க் கல்லூரியை விட்டுப் போன பிறகு ஜெயித்தவர்தானே என்று பெக்கர்ஸைச் சொல்வதும் அதே அநியாயம். 2022 ஆகஸ்டில் முழங்கால் ஜவ்வு கிழிந்து ஒரு முழு சீசனை இழந்தவர் அவர். கனெக்டிகட் ஏற்கெனவே 11 முறை சாம்பியன் ஆன இடம், அயோவா ஒருமுறைகூட ஆகாத இடம் என்பதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரையுள்ள என் ஊர்க்காரர்களே, உங்களுக்கு இதை எழுதக் காரணம் இருக்கிறது. 1990இல் தொடங்கிய நம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டியவர்கள் கோவை நரேன் கார்த்திகேயனும் சென்னை கருண் சந்தோக்கும். இருவரும் ஃபார்முலா ஒன் வரை போனார்கள். நம்மவர்கள் தீர்ப்பும் இதே மாதிரி ஒரே வரி: நரேன் 5 புள்ளி, கருண் பூஜ்யம்.

அந்த 5 புள்ளி கிடைத்தது நான் இருக்கும் இதே ஊரில், 2005 ஜூன் 19 அன்று. இங்குள்ள டிராக்கின் சாய்வான வளைவில் தாங்காது என்று மிஷ்லின் டயர் போட்ட 14 கார்கள் ரேஸ் தொடங்குமுன்பே ஒதுங்கிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 கார்கள் ஓடின, நரேன் நான்காவது. ஆறு பேரில் நாலாவதுதானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. டயரைத் தேர்ந்தெடுப்பது டிரைவர் கையில் இல்லை என்று ஒரகடத்தில் டயர் செய்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கிடைத்த ரேஸைக் கடைசிவரை பிசகாமல் ஓட்டி முடித்தார் நரேன்.

கருணுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 2010இல் பஹ்ரைனில் அவருடைய ஹிஸ்பானியா அணி காரைப் பூட்டி முடிப்பதற்குள் தகுதிச் சுற்றே வந்துவிட்டது. அந்தக் காரை அவர் முதன்முதலாக ஓட்டியதே அதில்தான். உங்கள் கார் ஆலை லைனில் புது மாடல் இறங்கும்முன் எத்தனை ட்ரையல் பார்ப்பீர்கள்! அடுத்த ரேஸில், ஆஸ்திரேலியாவில், அதே காரை 14ஆவதாகக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த இடத்துக்குப் புள்ளி கிடையாது. நரேனின் நான்காம் இடத்துக்குக் குறையாத ஓட்டம் அது என்பேன்.

ஆளோடு ஆளை ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் அதற்கும் நம் டிராக்கில் வழியுண்டு. ஃபார்முலா எல்ஜிபி 1300 ரேஸில் எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி எஞ்சின். தேசிய சாம்பியன்ஷிப் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் இல்லாதவர்கள் போய்ப் பாருங்கள். முதலில் வருகிறவரை எல்லாரும் பார்ப்பார்கள். பின்வரிசையில் கிளம்பி ஐந்தாறு பேரைத் தாண்டி வருகிற பிள்ளை வளைவுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்து பிரேக் பிடிக்கிறது என்று நீங்கள் கவனியுங்கள். அந்தப் பிள்ளையின் பெயரை எனக்கு எழுதுங்கள்.