கிளாக்கோமாவும் கண்ணின் நுண்குழாய்களும்: சில குறிப்புகள்

கிளாக்கோமா என்றதும் எல்லோரும் கேட்பது "பிரஷர் எவ்வளவு?" என்றுதான். 10 முதல் 21 வரை இருந்தால் நார்மல் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த நிம்மதியை நம்பிவிட முடியாது. அழுத்தம் ஒருநாளும் 21-ஐத் தாண்டாமலே பார்வை நரம்பு தேய்ந்துகொண்டு போகிறவர்கள் உண்டு. ஜப்பானில் இந்த வகைதான் அதிகம். இவர்களின் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தேடும்போது பேச்சு தானாகவே இரத்த ஓட்டத்துக்கு வந்து நிற்கிறது.

*

அழுத்தமா, இரத்த ஓட்டமா என்ற வழக்கு பழையது. கண்ணுக்குள் எட்டிப் பார்க்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் வெளியிட்டார். 1858-இல் ஹைன்ரிக் முல்லர், உயர்ந்த அழுத்தம் நரம்பை நசுக்குகிறது என்றார். ஏறக்குறைய அதே சமயத்தில் வியன்னாவின் எட்வர்ட் யேகர், நரம்புக்கு இரத்தம் போதவில்லை என்றார். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இரண்டு கட்சிக்கும் ஆள் இருக்கிறது. யேகர் பக்கத்தாருக்கு நெடுங்காலம் கையில் படம் இல்லை. அதுதான் அவர்களின் பலவீனம்.

*

1961-இல் அமெரிக்காவின் இந்தியானாவில் நோவோட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள் கைச் சிரையில் ஃப்ளோரசின் சாயத்தை ஏற்றி, அது விழித்திரைக் குழாய்களில் ஓடுவதைப் படமெடுத்துக் காட்டினார்கள். சர்க்கரை நோய்க் கண்ணுக்கு அது பெரிய வரம். கிளாக்கோமாவுக்கு அவ்வளவு உதவவில்லை. பார்வை நரம்பு வட்டைச் சுற்றி, நரம்பிழைகளின் ஊடே அவற்றோடு சேர்ந்தே ஓடும் மிக மெல்லிய தந்துகிகள் உண்டு. கிளாக்கோமாவில் அடிபடுவது அவைதான். சாயப் படத்தில் அவை தெளிவாக விழுவதில்லை.

*

அவற்றைக் காட்டியது ஓசிடி ஆஞ்சியோகிராபி. ஒளியால் திசுவை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி 1991-இல் வந்தது. ஆஞ்சியோகிராபியாக அது வளர்ந்து கண் மருத்துவமனைகளுக்குள் நுழைந்தது 2010-களில். ஊசி கிடையாது, சாயம் கிடையாது. ஒரே இடத்தை அடுத்தடுத்துப் பலமுறை படமெடுக்கிறது. அசையாத திசு எல்லாப் படத்திலும் ஒன்றுபோலவே இருக்கும். இரத்தச் சிவப்பணு ஓடும் இடம் மட்டும் படத்துக்குப் படம் மாறும். அந்த மாற்றத்தை மட்டும் பிரித்தெடுத்தால் குழாய்களின் வரைபடம் கிடைக்கிறது. தந்துகியின் உள்ளகலம் சுமார் 8 மைக்ரான். சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். அந்த ஓட்டம் படத்தில் பதிகிறது.

*

பரிசோதனை அறையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. தாடையை வைத்து, நெற்றியை ஒட்டி, உள்ளே தெரியும் குறியைச் சில விநாடிகள் இமைக்காமல் பார்க்க வேண்டும். திரையில் வரும் படத்தில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல கண்ணில் நரம்பு வட்டின் விளிம்பிலிருந்து நாற்புறமும் அடர்த்தியாகத் தந்துகிகள் விரிந்து கிடக்கும். நோயுள்ள கண்ணில், பெரும்பாலும் வட்டின் கீழே நெற்றிப்பொட்டுப் பக்கமாக, ஆப்பு வடிவில் ஒரு கறுப்பு. நாற்று பிடிக்காமல் போன பாத்திபோல அந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். நரம்பிழைப் படலத்தின் தடிமன் படத்தைப் பக்கத்தில் வைத்தால், அது மெலிந்திருப்பதும் அதே இடம்தான். ஃபீல்டு டெஸ்ட் என்ற பார்வைப் புலச் சோதனையில் மேல்பாதியில் விழும் குருட்டுப் பகுதிக்கும் கணக்குச் சரியாக இருக்கும்.

*

வகைக்கு வகை படம் மாறுகிறது.

கண்ணுக்குள் இருக்கும் திரவம் வடியும் கோணம் திறந்தே இருக்கும் திறந்த கோண வகையில் அழிவு மெதுவாக, பரவலாக நடக்கிறது. ஃபீல்டு டெஸ்டில் பாதிப் பார்வை பழுதாகி மறுபாதி நன்றாக இருப்பவர்களைப் பார்த்தால், அந்த நல்ல பாதிக்குரிய விழித்திரையிலும் தந்துகி அடர்த்தி குறையத் தொடங்கியிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உறக்கம் போனது. பார்வை நன்றாக இருக்கிறது என்று நோயாளி சொல்லும் பகுதியும் பத்திரமாக இல்லை.

முதலில் சொன்ன, அழுத்தம் ஏறாத இயல்பழுத்த வகையில் ஓரிடத்தில் ஆழமாக வெட்டியதுபோல் இழப்பு இருக்கும். வட்டின் விளிம்பில் தீக்கொழுந்து வடிவில் சிறு இரத்தக்கசிவு வந்து, சில வாரங்களில் மறையும். 1970-இல் ஸ்டீபன் டிரான்ஸ் இதன்மீது எல்லோர் கவனத்தையும் திருப்பினார். அதைக் கண்ட கண்ணில் நோய் முன்னேறும் வாய்ப்பு அதிகம்.

மூடிய கோண வகையில் அழுத்தம்தான் முதல் குற்றவாளி. கோணம் குறுகியிருந்தும் நரம்பு கெடாத கண்ணில் தந்துகிகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. திடீரென அழுத்தம் ஏறி, தலைவலியும் வாந்தியுமாக வந்த கண்ணில், வலி தணிந்த பிறகு எடுத்த படம் மறுகண்ணைவிட வெறிச்சோடித் தெரிகிறது. கோணம் மூடாமல் இருக்க லேசர் துளையை முன்கூட்டியே போடச் சொல்வதன் நியாயம் அந்த இரண்டு படங்களிலேயே இருக்கிறது.

தென்னிந்தியாவில் அடிக்கடி காணும் சூடோ எக்ஸ்ஃபோலியேஷனில், கண்பாவையின் விளிம்பில் சாம்பல்நிறத் துகள் படியும். அதே பொருள் இரத்தக் குழாய்ச் சுவரிலும் படிகிறது. ஒரே அளவு முற்றிய திறந்த கோண நோயோடு ஒப்பிட்ட பல ஆய்வுகளில் இவர்களின் தந்துகி அடர்த்தி இன்னும் குறைவாகவே இருந்தது.

சர்க்கரை நோயாலோ சிரை அடைப்பாலோ வருவது தனி வகை. அங்கே விழித்திரை இரத்தத்துக்கு ஏங்கி, கருவிழித்திரை (ஐரிஸ்) மேல் புதுக்குழாய்கள் முளைத்துக் கோணத்தை மூடுகின்றன. குழாய்தான் காரணம் என்று தயங்காமல் சொல்லக்கூடிய கிளாக்கோமா இது. புதுக்குழாய் கசிகிறதா என்று பார்க்க இன்னும் ஃப்ளோரசின்தான் வேண்டும். ஓசிடி ஆஞ்சியோகிராபி கசிவைக் காட்டாது.

*

மற்ற வகைகளில் குழாய் முதலில் அழிகிறதா, நரம்பு முதலில் அழிகிறதா? நரம்பிழை செத்தால் அதற்கு இரத்தத்தின் தேவை குறைகிறது, தந்துகியும் சுருங்கிவிடுகிறது என்பது ஒரு வாதம். இரத்தம் குறைந்ததால்தான் இழை செத்தது என்பது மற்றொன்று. நரம்பு வட்டையொட்டி, விழித்திரைக்கு அடியில் கோராய்டு அடுக்கில் சில கண்களில் குழாய்களே இல்லாத திட்டு தெரிகிறது. நரம்பு வெளியேறும் சல்லடைத் தட்டுக்கும் அந்த இடத்துக்கும் இரத்தம் ஒரே தமனிக் கூட்டத்திலிருந்து வருகிறது. அந்தத் திட்டு உள்ள கண்ணில் நோய் வேகமாக முற்றுகிறது. யேகர் கட்சிக்கு இது வலுவான சான்று. தீர்ப்பு அல்ல.

*

முற்றிய நோயில் இந்தப் படத்துக்குத் தனி மதிப்பு உண்டு. நரம்பிழைப் படலம் ஒரு அளவுக்கு மேல் மெலிவதில்லை. இழை போனாலும் மற்றத் திசு மிச்சம் நிற்கும். அதற்குப் பிறகு தடிமன் எண் அசையாது, நோய் மட்டும் நகரும். குழாய் அடர்த்தி அதற்குப் பிறகும் குறைந்துகொண்டே போவதால் மாற்றத்தைப் பிடித்துவிடலாம்.

*

எச்சரிக்கையும் வேண்டும். கண்புரை, உலர்ந்த கண், அசைந்த பார்வை எதுவானாலும் சிக்னல் குறைந்து, இல்லாத இழப்பைக் காட்டும். வயதானால் அடர்த்தி இயல்பாகவே குறையும். ஒரு கம்பெனி மெஷினின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. மிக மெதுவாக ஓடும் இரத்தம் படத்தில் விழாமல் போகலாம். கறுப்பாக இருப்பதெல்லாம் செத்த குழாய் அல்ல.

*

இரவுத் தூக்கத்தில் இரத்த அழுத்தம் இறங்கும். அளவுக்கு மீறி இறங்கினால் பார்வை நரம்புக்குப் போகும் ஓட்டம் மெலியும். பி.பி. மாத்திரையை இரவில் போடும் கிளாக்கோமா நோயாளிகள் அதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ கூடாது.

*

இத்தனை படமெடுத்தாலும் இன்று மருத்துவத்தால் குறைக்க முடிவது கண் அழுத்தத்தைத்தான். இயல்பழுத்த வகையிலும் அதை 30 சதவீதம் குறைத்தால் நோய் மெதுவாகிறது என்று 1998-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே சொட்டு மருந்தை ஒருநாளும் விடாதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், முக்கியமாகப் பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கிளாக்கோமா இருப்பவர்கள், பிரஷர் மட்டும் பார்த்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். போன பார்வை திரும்பி வராது.