வலியற்ற புண்

வலியைப் பகைவனாகக் கருதியே நாம் பழகிவிட்டோம். ஆயினும் உடலாகிய வீட்டின் வாயிற்காவலன் அவனே. அவன் குரல் கொடாத இடத்தில் நோய் ஓசையின்றி நுழைந்து குடியேறிவிடுகிறது. இவ்வுண்மையை நாம் எந்த நூலிலும் கற்கவில்லை. நமது வாயிலேயே கற்றோம்.

ஐம்பது வயது நிரம்புமுன்னரே நமது மேற்பற்கள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக விடைபெற்றுச் சென்றன. பல் மருத்துவர் முழு மேல்வரிசைக்கும் ஒரு பல்செட்டுச் செய்து தந்தார். அதை அணிந்து ஆற்றிய முதல் ஞாயிறு மறையுரையில் சகரமும் தகரமும் சற்றே தடுமாறின. ஒரு மாதத்தில் அதுவும் சீராயிற்று. இரவில் அதைக் கழற்றி நீரில் இட்டு வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டோம். ஆனால் கடைப்பிடிக்கவில்லை.

அதன் காரணத்தைச் சொல்ல இன்றும் தயக்கமாகவே இருக்கிறது. நள்ளிரவில் கதவு தட்டப்படுவது பங்குத் தந்தையரின் வாழ்வில் இயல்பு. "சாமி, அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, உடனே வாருங்கள்" என்று ஒருவர் வந்து நிற்பார். அவர்முன் பொக்கை வாயோடு நிற்க நமக்கு மனம் ஒப்பவில்லை. எவ்வேளையும் ஆயத்தமாயிருத்தல் நம் கடமை என்று நமக்கு நாமே நியாயம் கற்பித்துக்கொண்டோம். உண்மையில் அது கடமையன்று, கூச்சமே. சமையற்காரரும் பீடச் சிறுவரும்கூட அறியாதபடி நான்கு ஆண்டுகள் இரவும் பகலும் அதை அணிந்திருந்தோம்.

ஒருநாள் கீழ்ப்பல் ஒன்றின் வலிக்காக மருத்துவரிடம் சென்றோம். அவர் மேல் செட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நம் கையில் ஒரு கண்ணாடியைத் தந்தார். அண்ணம் முழுவதும் செக்கச்சிவந்து கிடந்தது. அச்சிவப்பின் எல்லை, செட்டின் விளிம்பு படிந்த கோட்டோடு மயிரிழையும் பிசகாமல் பொருந்தியிருந்தது.

"நோகவே இல்லையே, டாக்டர்?" என்றோம்.

"அதனால்தான் ஃபாதர், இவ்வளவு தூரம் வளர விட்டிருக்கிறீர்கள்" என்றார் அவர்.

அன்று அவர் விளக்கியதை வாசகர்களுக்கும் சொல்வோம். உமிழ்நீர் இடைவிடாது வாயைக் கழுவிக் காத்துவரும் ஊற்று. மேல் செட்டு அண்ணத்தோடு ஒட்டி நிற்பதால் அவ்வூற்று அங்கே தாராளமாகப் பாய்வதில்லை. செட்டு செய்யப்படும் அக்ரிலிக் வழவழப்பாகத் தோன்றினும், கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உடையது. அவற்றில் உணவுத்துகளும் நுண்ணுயிர்களும் படலமாய்ப் படிகின்றன. காண்டிடா என்னும் பூஞ்சை நலமுடைய பலரின் வாயிலும் தீங்கின்றி வாழ்வதுதான். வெதுவெதுப்பும் ஈரமும் கொண்ட இம்மறைவிடம் கிடைத்ததும் அது பன்மடங்காய்ப் பெருகுகிறது. செட்டின் உராய்வும் சேர்ந்துகொள்ள, வாயின் மெல்லிய உட்தோல் அழற்சியுற்று, அதன் இரத்த நாளங்கள் விரிந்து சிவந்துவிடுகிறது. கீழ்ச் செட்டு அண்ணத்தை மூடுவதில்லை. நாவும் உமிழ்நீரும் அதைச் சுற்றி இயங்குகின்றன. ஆதலால் இந்நோய் பெரும்பாலும் மேல்வாயிலேயே காணப்படுகிறது.

இதன் படிநிலைகளை நியூட்டன் என்னும் பல் மருத்துவர் 1962இல் மூன்றாக வகுத்தார். முதலில் ஊசிமுனை போன்ற செம்புள்ளிகள். அடுத்து செட்டு மூடிய பரப்பெங்கும் சிவப்பு. இறுதியில் அண்ணத்தின் நடுவே சிறு பருக்கள்போலத் தசை தடித்தல். நாம் இரண்டாம் படியில் நின்றோம். சிலருக்கு எரிச்சலும், கடைவாயோரத்தில் வெடிப்பும் தோன்றும். பலருக்கு ஒன்றுமே தோன்றாது. நீரிழிவு உள்ளவர், புகைப்பவர், வாய் உலர்ந்தவர், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மருந்தை உள்ளிழுத்தபின் வாய் கொப்பளிக்காதவர் ஆகியோருக்கு இது எளிதில் வரும்.

"மருந்து தருகிறேன். ஆனால் வாய்க்கு மட்டும் மருந்திட்டுச் செட்டைத் தூய்மை செய்யாது விட்டால், நோய் செட்டிலே ஒளிந்திருந்து திரும்பவும் வரும். இரவில் அண்ணத்துக்கு ஓய்வு கொடுங்கள்" என்றார் மருத்துவர். அவ்வாறே செய்தோம். சில வாரங்களில் சிவப்பு மறைந்தது. கூச்சம் மட்டும் மறையவில்லை.

அதன்பின் ஒரு மழைநாளின் இரவில் கதவு தட்டப்பட்டது. எண்பது வயது மூதாட்டி ஒருவருக்குக் கடுங்காய்ச்சல். அவர் மகனின் மோட்டார் சைக்கிளில் அவசரமாய் ஏறிப் புறப்பட்டோம். வழியில் பேச வாயெடுத்தபோதுதான் பற்கள் மேசைமேல் கிண்ணத்தில் கிடப்பது நினைவுக்கு வந்தது. திரும்ப நேரமில்லை.

நோயிற்பூசுதலின் செபங்கள் அன்று நம் வாயில் குழறின. மூலையில் நின்ற பேரப்பிள்ளை ஒன்று சிரித்தது. மூதாட்டி கண் திறந்து நம் வாயையே உற்று நோக்கினார்.

"சாமிக்கும் பல்லு இல்லையா?" என்றார் மெல்ல. பிறகு, "அப்படியானா எனக்கும் கழட்டிவிடச் சொல்லுங்க, சாமி" என்றார்.

மகள் திகைத்தாள். பார்க்க வருகிறவர்கள்முன் தாய் பொக்கை வாயோடு கிடப்பது கண்ணியமன்று என்று, படுத்த நாள்முதல் மூன்று வாரங்களாக அதைக் கழற்றவேயில்லையாம். தாயும் வாய் திறந்து கேட்கவில்லையாம். கழற்றியபின் டார்ச் ஒளியில் பார்த்தோம். நாம் கண்ணாடியில் கண்ட அதே சிவப்பு.

மறுநாள் மருத்துவமனையில் நிமோனியா என்றார்கள். பத்து நாளில் அவர் நலமடைந்து வீடு திரும்பினார். செட்டினால்தான் அது வந்தது என்று நாம் சொல்லத் துணியவில்லை. ஆயினும் ஜப்பானில் 85 வயதும் அதற்கு மேலும் ஆன 524 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, செட்டோடு உறங்குவோருக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு எனக் கண்டது. மறைவிலே பெருகும் கிருமி வாயோடு நின்றுவிடுவதில்லை போலும்.

ஆகவே பல்செட்டு அணிந்தோர் இரவில் அதைக் கழற்றி, மென்மையான பிரஷாலும் சோப்பாலும் தேய்த்துக் கழுவி, குளிர்ந்த நீரில் இட்டு வையுங்கள். கொதிநீர் அதன் வடிவைக் கெடுக்கும். பற்பசை அதைக் கீறும். அண்ணத்தையும் மென்மையாகத் துலக்குங்கள். செட்டு தளர்ந்திருந்தால் சீர்செய்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரங்களுக்கு மேலும் ஆறாத சிவப்போ வெண்மையோ இருந்தால், அதிலும் வெற்றிலை புகையிலைப் பழக்கம் உள்ளவராயின், புற்றுநோயோ என்று மருத்துவர் பார்த்துத் தெளிய வேண்டும்.

இல்லத்தில் இருப்போருக்கும் ஒரு சொல். உங்கள் தந்தையோ தாயோ இரவிலும் பல்செட்டைக் கழற்றாதிருந்தால், அது மறதி என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் முன்னே அவர்கள் கூசுகிறார்களோ என்று பாருங்கள். இன்றிரவே அவர்கள் கட்டிலருகே மூடியுள்ள கிண்ணம் ஒன்றை நீர் நிரப்பி வையுங்கள். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். நாமும் சேர்ந்து சிரிப்போம். நமது மேசைமேலுள்ள கிண்ணத்தை இப்போது சமையற்காரரே ஒவ்வொரு மாலையும் கழுவி வைக்கிறார்.